தட்டுத் தண்ணீர்

கரையாது, இவ்வளவு சீக்கிரம் கரையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஜெயசீலி விறகடுப்பில் இன்னொரு சுள்ளியைச் செருகினாள். செருகிய கையோடு எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். தட்டு இருந்தது. நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு, கொல்லைப் புல்லின் நடுவில், அவர் நேற்றுச் சாயங்காலம் எந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாரோ அதே இடத்தில். அதற்குள் பனிக்கட்டியும் இருந்தது. ஆனால் ஓரத்தில் பளபளவென்று ஏதோ தெரிகிறதே, அது தண்ணீரா வெயிலா? தை பிறந்த பிறகும் விடிந்ததும் விடியாததுமாக இப்படி ஒரு வெயிலா? கேத்திப் பள்ளத்தாக்கில் இந்த மாதத்தில் புல் முழுக்க உப்பைக் கொட்டினாற்போல வெள்ளையாகக் கிடக்கும், செருப்புக்கால் வைத்தால் நொறுக் நொறுக்கென்று சத்தம் கேட்கும். இந்த வருஷம் வெறும் நீர்ப்பனி. துணியைத் தட்டிப் போட்டால் அன்றைக்கே காய்ந்துவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் கடிப்பதே இல்லை. டேலியாப் பூ வாடாமல் நிற்கிறது, அவரைக்கொடி கருகாமல் நிற்கிறது, போன வாரம் சமையலறையில் ஒரு கொசு பாடிக்கொண்டு போனது. இந்த மலையில் கொசு! அது கூடப் பரவாயில்லை, அந்தப் பாழும் டேலியாவை நினைத்தால்தான் பயமாக இருந்தது. பனி விழுந்திருந்தால் அது அவித்த கீரை மாதிரி தொங்கியிருக்க வேண்டும். இதுவோ சிவப்பாக, முகம் கழுவிப் பொட்டு வைத்தாற்போல நிற்கிறது. நேற்றே இரண்டு பூவையும் ஒடித்துப் போட்டிருக்கலாம். தோன்றவில்லை. செய்வதைத் திருந்தச் செய்யத் தெரியாதவள் நீ என்று அம்மா சொல்வாள், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோது கூட அதைத்தான் சொன்னாள். தட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்கிற மேல் அறையில் வைக்கத் தெரிந்தது, விடியுமுன் எடுத்துக்கொண்டு போய்ப் புல்லில் திரும்ப வைக்கத் தெரிந்தது, பூவை ஒடிக்கத் தெரியவில்லை. அவர் இன்னும் முன்னறையில்தான் இருந்தார். ரேடியோவில் யாரோ உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வாங்களேன், வந்து பார்த்துத் தொலையுங்களேன் என்று அவள் மனதுக்குள் கத்தினாள். மற்ற நாளில் கண் விழித்ததும் நேரே தட்டைப் பார்க்கப் போகிற மனிதர் இன்றைக்குப் பார்த்து உரச் செய்தி கேட்கிறார்.

தட்டு வைப்பது மாமனார் ஆரம்பித்த வழக்கம். தீபாவளி முடிந்ததும் ஒவ்வொரு சாயங்காலமும் புல்லில் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். காலையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பேசாமல் உள்ளே வருவார். என்றைக்கு அது கட்டிபட்டிருக்கிறதோ அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோருடைய படுக்கையும் சமையலறைக்கு வந்துவிட வேண்டும், சிவராத்திரி வரைக்கும். "தட்டு சொல்லிருச்சு, பாயைச் சுருட்டுங்க" என்பார். அதற்கு முன்னால் எவ்வளவு குளிர் அடித்தாலும் யாரும் சமையலறையில் படுக்கக் கூடாது. படுத்தால் உடம்பு சொகுசு கண்டுவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் கட்டிபட்ட முதல் நாள் இந்த வீட்டில் பண்டிகை மாதிரி இருக்கும். கொழுந்தன் அருளப்பன் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவான். மகள் விண்ணரசி அந்தக் கட்டியைக் கடிக்கக் கேட்டு அழுவாள். பகலெல்லாம் கம்பளிகளை வெயிலில் போட்டு, அந்துருண்டை வாசனை போகத் தட்டி, பொழுது சாய்ந்ததும் அடுப்பைச் சுற்றி வரிசையாகப் பாய் விரிப்பது. கதவோரம் மாமனார், அவருக்கு அடுத்து அருளப்பன், விறகு அடுக்கின மூலையில் அவள் வீட்டுக்காரர், இவருக்கும் அவளுக்கும் நடுவில் குழந்தை. தேயிலை பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் இருக்கிற நாளில் இவர் இடம் காலியாகக் கிடக்கும். ஆனாலும் பாய் விரித்துத்தான் இருக்க வேண்டும், அதுவும் மாமனார் கணக்குத்தான். அடுப்பில் தணல் சாம்பல் பூத்துக் கிடக்கும். அருளப்பன் அதில் உருளைக்கிழங்கைப் புதைத்து வைத்துவிட்டு எல்லோரும் தூங்கினபிறகு எடுத்துத் தின்பான். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கிழங்கென்று நினைத்துக் கரிக்கட்டையைக் கடித்துவிட்டான், வாயெல்லாம் கறுப்பு. மாமனார் சிரித்துச் சிரித்து இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துகொண்டார். அந்தச் சிரிப்பும் இருமலும் இந்தச் சுவரில்தானே எங்கேயோ இருக்கும். சாணி மெழுகின தரை போய்ச் சிமெண்டு வந்தது, சிமெண்டு போய் டைல்ஸ் வந்தது, மாமனார் கல்லறைக்குப் போனார், அருளப்பன் கோயமுத்தூருக்கு மாமியார் வீட்டோடு போனான், விண்ணரசி கல்யாணமாகித் திருப்பூர் போனாள். அங்கே ஜனவரியிலும் மின்விசிறி போட்டுத்தான் தூங்குகிறாளாம். இப்போது தட்டும் இவரும் அவளும்தான். அய்யோ, பால். பொங்கி வழிகிற நுனியில் துணியால் பிடித்து இறக்கினாள். விரல் நுனி சுட்டது. வாயில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினாள். தட்டின் ஓரத்தில் பளபளத்தது தண்ணீர்தான்.

"சீலி, எண்ணெய் பாட்டில் எங்கே?" முன்னறையிலிருந்து கேட்டது. எண்ணெயை மறந்தே போனாளே. தேங்காயெண்ணெய் ஜன்னல் கட்டையில் கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஆட்டினால் ஆடுகிற எண்ணெயாக நின்றது. பனிக் காலத்தில் அதைப் பாட்டிலிலிருந்து குச்சி விட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், அது பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவள் பாட்டிலை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். "உறைஞ்சு கெடக்குதுங்க, அடுப்போரமா வெச்சிருக்கேன், உருகட்டும்." சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேடியோ நின்றது. "உறைஞ்சிருச்சா?" என்றார் அவர். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆமாங்க, ராத்திரி ரொம்பக் குளுரு, நீங்க ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்ததால தெரியல." ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய், அதற்கு இன்னொன்று. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியாரிடம் இதை என்னவென்று சொல்வது? தட்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன் சாமி என்றா? ஏன் வைத்தாய் மகளே என்று கேட்டால்? அதைத்தான் சொல்ல முடியாது. சாமியாரிடம் என்ன, தனக்குத்தானே முழுசாகச் சொல்லிப் பார்த்தாலே காது சுடுகிறது. பேரன் எடுக்கப் போகிற வயதில், நீங்க என் பக்கத்துல வந்து படுங்க என்று எந்த வாயால் சொல்வது? அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்து படுத்தவர்கள் கூட இல்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று உண்டு. இது ஷிப்டால் வந்தது. பேக்டரியில் தேயிலை காய வைக்கிற சூளைக்கு ராத்திரி முழுக்க விறகு போடுகிற வேலை அவருக்கு. விடிந்து வருவார், கண்ணெல்லாம் சிவந்து, சட்டையெல்லாம் புகையும் தேயிலையும் மணக்க. வெளிச்சம் கூடாதென்று முன்னறையில் ஜன்னலுக்குப் போர்வை மாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். குழந்தை கத்தக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது. அவளும் குழந்தையும் உள்ளறை. வருஷக் கணக்கில் அப்படியே போய்விட்டது. வேலை முடிந்த அன்றைக்கு மாலையும் சால்வையுமாக ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் உள்ளறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருந்தாள். அவர் சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், கொட்டாவி விட்டார், எழுந்து முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்கு வருவார் என்று நினைத்தாள். புது விரிப்பு பழசாகிவிட்டது. அவருக்கும் ஒருவேளை கூப்பிட்டால் போகலாம் என்று இருந்ததோ என்னவோ. எப்படிக் கேட்பது? இரண்டு பேருக்கும் பொதுவாக அந்தத் தட்டு ஒன்றுதான் இருந்தது. தட்டு சொல்லும், பாயைச் சுருட்டுவார்கள், ஒரு மாதம் போல அடுப்போரத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவாள். இந்த வருஷம் தட்டு வாயே திறக்கவில்லை.

மூச்சுச் சத்தம்தான் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அடுத்த வீட்டு லில்லி அக்கா ஐப்பசியிலிருந்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளும் வீட்டுக்காரரும் தனித்தனி அறை, குறட்டை தாங்க முடியவில்லை என்று அவளே பிரித்துப் போட்டது. ஒருநாள் காலையில் காப்பி போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். வரவில்லை. "ஆறிப் போகுது, மனுஷனுக்கு என்ன தூக்கம்னு ரெண்டு வாட்டி கத்துனேன்டி சீலி. ஏசினேன். அந்நேரத்துக்கு அவரு போயிப் பல மணி நேரம் ஆயிருந்துச்சுன்னு டாக்டர் சொல்றான். போன மனுஷனப் போயி ஏசியிருக்கேன் பாரு." அதைக் கேட்டதிலிருந்து ஜெயசீலிக்கு ராத்திரித் தூக்கம் போனது. சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடப்பாள். நடுச்சுவர் கருங்கல், வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், ஒரு சத்தம் வராது. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்துபோய் முன்னறைக் கதவோரம் நிற்பாள். இருமல் கேட்டால் திரும்புவாள். கேட்காவிட்டால் செம்பைக் கீழே போடுவாள். "யாரு?" என்று அவர் அதட்டுகிற அதட்டலைக் கேட்டபிறகுதான் அவளுக்கு உயிர் வரும். தினமும் செம்பைப் போட முடியுமா? போன வாரம் "உனக்குக் கை நடுங்குதா, டாக்டர்கிட்ட காட்டலாமா" என்று கேட்டுவிட்டார். அதோடு போயிற்றா? இன்றைக்குக் காளிதாஸ் மேஸ்திரி வருகிறார், விறகடுப்பை இடித்துவிட்டு, காஸ் அடுப்பு வைக்கக் கடப்பைக் கல் மேடை போட. அதுதான் இத்தனைக்கும் காரணம். போன மழையில் அவளுக்கு இருமல் வந்து ஒரு மாதம் விடாமல் இருந்தது, புகை ஆகாது என்றார் டாக்டர். உடனே இவர் முடிவு செய்துவிட்டார். "குளுரே போயிருச்சு, காஸ் இருக்கு, வெந்நீருக்கு ஹீட்டர் இருக்கு, அப்புறம் எதுக்கு உனக்கு இந்தப் புகை?" அவளுக்காகத்தான். அவள் நெஞ்சுக்காகத்தான். அதில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்பார். அடுப்பு போனால் அடுப்போரம் போயிற்று, அடுப்போரம் போனால் வருகிற வருஷம் பனி கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் தட்டு சொல்லி என்ன பயன், கடப்பைக் கல்லுக்கு அடியிலா பாய் விரிப்பது? நேற்றுச் சாயங்காலம் மேஸ்திரி போனில் காலையில் வருகிறேன் என்றார். அப்போது கூட ஃப்ரிட்ஜ் நினைவு வரவில்லை. விண்ணரசி ஈஸ்டருக்கு வந்தால் கொடுக்கலாம் என்று உரித்து மேல் அறையில் வைத்திருந்த பச்சைப் பட்டாணியை எதற்கோ நகர்த்தும்போதுதான், அந்தப் பொட்டலம் கல்லு மாதிரி கையில் பட்டபோதுதான் தோன்றியது. அவர் படுத்ததும் பட்டாணியையும் மீனையும் ஓரமாக ஒதுக்கித் தட்டை வைத்தாள். பொட்டலத்தில் ஒரு ஓட்டை இருந்ததை அப்போது கவனிக்கவில்லை. இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது? ஓட்டை இருந்தால் என்ன. ஜன்னலில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். கட்டி விளிம்பை விட்டுப் பிரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் பச்சையாக, உருண்டையாக ஒன்று.

பட்டாணி. ஓடிப்போய் எடுத்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, கரண்டியால் தோண்டினால் வந்துவிடும். கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் லில்லி அக்கா துணி உலர்த்திக்கொண்டு நின்றாள், மேலே ஸ்வெட்டர் கிடையாது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "என்னடி சீலி, கரண்டியும் கையுமா? புல்லுக்குத் தாளிக்கப் போறியா?" என்றாள். "இல்லக்கா, சும்மா." "சனவரியாடி இது, எனக்கு முதுகெல்லாம் வேர்க்குது." சொல்லிக்கொண்டே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். டேலியாவைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். "அடியே, உங்க வீட்டுத் தட்டுல மட்டும் பனி பேஞ்சிருக்கா? எங்க வீடு என்ன பாவம் பண்ணுச்சு?" ஜெயசீலிக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. "அக்கா, சும்மா இருங்கக்கா, அவரு வர்றாரு" என்றாள். கெஞ்சுகிற மாதிரி வந்தது குரல். லில்லி அக்கா கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அந்த வீட்டுத் தட்டு வழக்கம் தெரியும், கட்டிபட்ட அன்றைக்கு அருளப்பன் போட்ட கூச்சலை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள். அவள் கண் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது. கையிலிருந்த துணியை உதறினாள். அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எண்ணெய் உறைஞ்சுபோச்சுன்னு சொன்னியே, பனி விழுந்துருக்கோ?" ஜெயசீலி கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வேலிப் பக்கமிருந்துதான் பதில் வந்தது. "அய்ய, கேக்காதீங்க சூசையண்ணே, ராத்திரி என்னா பனி! கையெல்லாம் விறைச்சுப் போச்சு." லில்லி அக்கா இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை மின்னியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒரு தடவை பார்த்தார். குனிந்து புல்லைப் பார்த்தார், பச்சைப் பசேலென்ற புல்லை. டேலியாவைப் பார்த்தார். இந்த மலையில் பிறந்து, இந்தப் புல்லில் தட்டு வைக்கிற அப்பனுக்குப் பிள்ளையாக வளர்ந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியாமல் இருக்காது. எல்லாம் போயிற்று. கேட்கப் போகிறார், லில்லி அக்கா முன்னால் கேட்கப் போகிறார், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்கப் போகிறார், அவள் என்ன சொல்வாள்? உங்கள் மூச்சு கேட்கவில்லை என்றா? அவர் தட்டைத் தூக்கினார். தண்ணீர் அவர் செருப்பில் வழிந்தது. தட்டைச் சாய்த்தார், கட்டி சறுக்கி அவர் உள்ளங்கைக்கு வந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தார். பட்டாணி அதற்குள் கண்ணாடியில் பதித்த கல் மாதிரிப் பச்சையாக ஒளிர்ந்தது. கட்டி விரல் வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. ராத்திரியெல்லாம் செம்பு விழுகிற சத்தம் கேட்டுக் கண் விழித்த மனிதர். பிறகு கட்டைவிரல் நகத்தால் பட்டாணியை நெம்பி எடுத்தார், துண்டில் துடைத்தார், வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

"நல்ல பனிதான்" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தார். "மேஸ்திரி, சூசைமாணிக்கம் பேசறேன். இன்னைக்கு வேணாம். இங்க பனி ரொம்ப. என்னது? வெயிலா? அது உங்க பக்கம் அடிக்கும்யா, எங்க வீட்டுல பனி. அடுப்பு இல்லாம முடியாது. புகைக்கு என்ன பண்ணலாம்னு யோசிப்போம், ஒரு குழாய் கீழாய் வைக்க முடியுமா பாரு, ஒரு நாள் வந்து பேசு. ஆமா, பங்குனிக்கு மேல." போனை வைத்துவிட்டு, கையில் மிச்சமிருந்த கட்டியை டேலியாவின் அடியில் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் நீட்டினார். "கம்பளிய எடுத்து வெயில்ல போடு. அந்துருண்டை நாத்தம் போகட்டும்." லில்லி அக்கா பக்கெட்டை எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஜெயசீலி தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து இறக்கினாள். கம்பளிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். மாமனாருடைய சாம்பல் நிறக் கம்பளி, விண்ணரசியின் சின்னப் போர்வை, அது இரண்டும் எதற்கு என்று தோன்றியது, இருந்தாலும் போட்டாள். வேர்த்து ஊற்றியது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காப்பியோடு முன்பக்கம் போனாள். அவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காது மூடுகிற கம்பளிக் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு. குல்லாயின் ஓரத்திலிருந்து வேர்வை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு குளுருதுங்களா?" என்றாள்.

"பின்னே?" என்று காப்பியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "ராத்திரிக்குக் கிழங்கு ரெண்டு தணல்ல போட்டு வை" என்றார்.